பதின்மூன்றாவது கம்பி

1963-ஆம் வருஷம் ஆவணி மாதம் திண்டுக்கல் ரயில் நிலையத்தில் ஆறு கம்பிகளோடு வந்து இறங்கிய மடி கிட்டாரில், அறுபது வருஷம் மேட்டுப்பட்டி ஸ்தனிஸ்லாஸ் வீட்டில் இருந்த பிறகு பதின்மூன்று கம்பிகள் இருந்தன. யாரும் வாங்கி மாட்டவில்லை. மாட்டலாம் என்றாலும் அந்தக் கம்பி திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த வீட்டு ஆள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பேச்சு நின்றுபோனால், மறுநாள் காலையில் ஒரு கம்பி கூடியிருக்கும். அதை முறுக்க ஒரு சாவி தலைப்பக்கம் முளைத்திருக்கும், பலகை அரை விரற்கடை அகலமாகியிருக்கும், அவ்வளவுதான். சண்டைக்கெல்லாம் முளைக்காது. சண்டைக்கு முளைப்பதாக இருந்தால் அந்த வீட்டில் கிட்டார் வைக்க இடம் இருந்திருக்காது, ஆட்கள்தான் வெளியே படுத்திருக்க வேண்டும். பேச்சு நிற்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிய, மற்றவர் வெட்கமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தால் அதற்கும் முளைக்காது. கடைசியில் சொன்ன இந்த விதியை அந்த வீட்டில் எல்லோரும் அறிந்திருந்தார்கள், அதை நினைத்துப் பார்க்க வேண்டியவள் மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

கிட்டார் வந்த கதை இது. கொழும்பிலிருந்து கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி, மழையில் நனைந்து வந்த பெட்டி. பெறுபவர் பெயர் அழிந்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'ஸ்டீல்' என்கிற ஒரே ஒரு சொல்தான் மிச்சம். பார்சல் கிளார்க்காக இருந்த ஸ்தனிஸ்லாஸ் ஆறு மாதம் காத்திருந்து பார்த்தார், ஒருவரும் கேட்டு வரவில்லை. ஏலச் சீட்டில் 'ஸ்டீல் - ஒரு பெட்டி' என்று எழுதி ஏலத்துக்கு விட்டார். வேறு ஊராக இருந்தால் யாராவது பெட்டியைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள், ஆட்டிப் பார்த்திருப்பார்கள். திண்டுக்கல்லில் ஸ்டீல் என்று காதில் விழுந்தால் போதும், பூட்டுப் பட்டறைக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். பேகம்பூர் ரஃபி நாலு பேரை முந்திக்கொண்டு கை தூக்கி எடுத்துவிட்டார். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே ஒரு மரப்பலகை, அதன் மேல் ஆறு கம்பி. மடியில் படுக்க வைத்துக்கொண்டு, இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே வாசிக்கிற கிட்டார் அது. அந்த உருளையால்தான் அதற்கு ஸ்டீல் கிட்டார் என்று பெயர். பெட்டியில் அந்த உருளையும் இல்லை, வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

ரஃபி அதைத் தோளில் சுமந்துகொண்டு மேட்டுப்பட்டிக்கு வந்தார். "ஏன்யா கிளார்க்கு, இதுல பூட்டு செய்யவா, இல்ல இத வச்சுத் துணி தொவைக்கவா?" என்று கேட்டார். ஏலத்தில் போன சரக்கைத் திருப்பி எடுக்க ரயில்வேயில் வழியில்லை என்று ஸ்தனிஸ்லாஸ் சட்டம் பேசினார். பேசியது சரிதான், பேசிய தோரணைதான் சரியில்லை. "அப்ப நீயே மடில போட்டுக் கொஞ்சு" என்று பலகையை வாசலில் வைத்துவிட்டு ரஃபி போனவர்தான், அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. மறுநாள் காலை ஸ்தனிஸ்லாஸ் எண்ணியபோது ஏழு கம்பி இருந்தது. நேற்றுச் சரியாக எண்ணவில்லை போல என்று நினைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். மூன்று வாரம் கழித்து ஜன்னல் விளிம்பில் ஒரு இரும்பு உருளை இருந்தது. விரல் நீளம், கண்ணாடி மாதிரி மெருகேற்றியது. அந்த மெருகு பேகம்பூரில் ஒரே ஒரு பட்டறையில்தான் வரும். கொண்டுவந்து வைத்தவரும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டவரும் கேட்கவில்லை. இருபத்துநாலு வருஷம், ரஃபி மௌத்தாகும் வரைக்கும், ஒருவர் செய்த உருளையால் மற்றவர் வாசித்தார், தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு ஓரமாகப் போனார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் கிட்டாரை வால்வு ரேடியோவின் பின்பக்கம் சொருகி வாசிப்பார். புதிதாகக் கேட்டவர்கள் ஏதோ வெளிநாட்டு ஸ்டேஷன் என்று நினைத்துக்கொள்வார்கள். தவக்காலத்தில் தொடமாட்டார். மற்றபடி பண்டிகை, ஞானஸ்நானம், கல்யாணம் எதையும் விடமாட்டார். கம்பிகள் அதன் போக்கில் கூடின. 1969-இல் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாளுக்கும் எதிர்வீட்டுச் சிவனம்மாளுக்கும் முனிசிபாலிட்டிக் குழாயடியில் யார் குடம் முதல் குடம் என்பதில் பேச்சு நின்று எட்டாவது வந்தது. ஏழு வருஷம் கழித்துச் சிவனம்மாளின் மகளுக்கு வலி கண்ட நாளில் இஞ்ஞாசியம்மாள் தானாகவே ஓடிப்போய், "வெந்நி எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். மறுநாள் அந்தக் கம்பி சுருண்டு தரையில் கிடந்தது, பலகை பழையபடி ஒடுங்கிவிட்டது. அப்போதுதான் வீட்டாருக்கு விஷயம் பிடிபட்டது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த சவரிமுத்துவுக்கு ஒன்று, சேவுகம்பட்டிக் கிணற்றுப் பங்கில் இஞ்ஞாசியம்மாளின் தம்பிக்கு ஒன்று, இளைய மகள் ஏஞ்சலின் கல்யாணத்தில் ஒரே நாளில் இரண்டு, பின்கட்டில் குடியிருந்தவருக்கு ஒன்று என்று 1997-க்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது. பேச்சு நின்ற இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் கம்பி அதற்குப் பிறகு சுருதி இறங்குவதில்லை என்பதும் தெரிந்தது. வெயில், மழை, பக்கத்து வீட்டுக் கிரைண்டர், எதற்கும் அசையாது. ரஃபி போன பிறகு ஸ்தனிஸ்லாஸ் அவருடைய கம்பியை வைத்துத்தான் மற்றக் கம்பிகளுக்குச் சுருதி சேர்த்தார். "பாய் மட்டும்தான் சொன்ன சொல்லு மாறாம இருக்காரு" என்பார்.

மூத்த மகள் பிரிஸ்கில்லா கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, பண்டிகைக்கும் லீவுக்கும்தான் வீட்டுக்கு வருவாள். ஏஞ்சலினை எரியோட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வந்து திண்டுக்கல்லில் வேலை பார்த்துவிட்டு, மதியம் அம்மா வீட்டில் சாப்பிட்டுப் போவாள். 2002 ஏப்ரலில் ஸ்தனிஸ்லாஸ் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்தில் இருந்தது ஏஞ்சலின். பிரிஸ்கில்லா பழனியில் பிளஸ் டூ பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். இன்னும் நாற்பது கட்டு, இன்னும் முப்பது கட்டு என்று தள்ளிப்போட்டு, கட்டு முடிந்த அன்று அப்பாவும் முடிந்துபோனார். அதற்குப் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள மாற்றல் வாங்கி வீட்டோடு வந்துவிட்டாள். முதல் வருஷ நினைவு நாளுக்கு ஏஞ்சலின் பேப்பரில் அஞ்சலி கொடுத்தாள். அச்சில் அக்கா பெயர் 'பிரிகில்லா' என்று வந்துவிட்டது. இருபது வருஷமாகப் பிள்ளைகள் நோட்டில் ஒற்றெழுத்து விட்டால் சிவப்பு மையால் சுழிக்கிறவளுக்கு அது பொறுக்குமா? கூடப்பிறந்தவள் பெயர்கூடத் தெரியாதா என்று பந்திக்கு வந்தவர்கள் முன்னால் கேட்டுவிட்டாள்.

ஏஞ்சலின் கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "பேருல ஒரு எழுத்து போனதுக்கு இம்புட்டு ஆங்காரமா? பதினோரு நாளு அப்பா கெடந்தப்ப நீ முழுசா எங்க போயிருந்த?"

"இனி ஒனக்கும் எனக்கும் என்ன பேச்சு?" என்றாள் பிரிஸ்கில்லா. நீயாகக் கூப்பிடாமல் இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று ஏஞ்சலின் இறங்கிப் போனாள். மறுநாள் காலை பிரிஸ்கில்லா கிட்டாரின் உறையை விலக்கி எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்று. கடைசியாக அவள் எண்ணியது ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்போது பன்னிரண்டு. ஆக இது ஏஞ்சலின் கம்பி. கணக்கு டீச்சர் அல்லவா, கழித்துப் பார்த்து விடையைக் கீழே கோடு போட்டு மனசில் எழுதிக்கொண்டாள். ஆறு வருஷத்தில் வேறு எதுவும் நடந்திருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அந்தக் கம்பியை ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. சிவனம்மாள் கம்பி விழுவதற்கு முந்தின ஒரு வாரம் தொளதொளவென்று தளர்ந்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். தங்கை மனசு இளகினால் கம்பியும் இளகும், அன்றைக்கே பஸ் ஏறிவிடலாம் என்பது அவள் போட்ட திட்டம். கம்பி இளகவே இல்லை. விரல் வைத்தால் கத்தி மாதிரி நின்றது. பாரேன், என்ன நெஞ்சழுத்தம் என்று இருபத்திரண்டு வருஷம் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். இஞ்ஞாசியம்மாளும் சாயங்காலங்களில் கிட்டார் பக்கத்தில் உட்கார்ந்து அதே பதின்மூன்றாவது கம்பியில் விரலை வைத்துக்கொண்டிருப்பாள். பெண்கள் இரண்டு பேரும் சேர வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள் என்று பிரிஸ்கில்லா நினைத்தாள். நடுவில் அம்மா சம்பந்தமில்லாமல் ஒரு பழைய குறையைச் சொல்லுவாள். பிரிஸ்கில்லா வர முடியாமல் போன 1998 கிறிஸ்துமஸ் விருந்தில், ரயில்வே ஆட்கள் பத்துப் பேர் முன்னால் அப்பா, "வெஞ்சனத்துல உப்பே இல்ல" என்று சொன்னாராம். "நாப்பது வருசம் ஒலை வச்சவள ஒரு வாயில தூக்கி எறிஞ்சாரு" என்பாள். செத்துப்போனவர் மேல் இன்னுமா கோபம் என்று பிரிஸ்கில்லா பேச்சை மாற்றிவிடுவாள். 2009-இல் அம்மாவும் போனாள். அக்காவும் தங்கையும் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாகக் கல்லறை வரைக்கும் நடந்தார்கள். இருவரும் அழுதார்கள், பேசவில்லை. ஏஞ்சலின் அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எரியோட்டிலிருந்து மல்லிகை கொண்டுவந்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு மீதியைத் தெருவில் விற்கும் கௌசல்யா, பூவை அளந்துகொண்டே ஒரு தகவலைச் சொன்னாள். அவள் ஏஞ்சலினுக்குப் பக்கத்து வீடு. "டீச்சர், உங்க தங்கச்சியே சொல்லியிருப்பாங்க, தொண்டையில கட்டியாம். வர்ற வியாழக்கெழம மதுரையில ஆப்பரேசன். கொரலு தங்குமா போகுமான்னு டாக்டரே சொல்லலையாம்." பிரிஸ்கில்லா பூவை வாங்கி மாதா படத்துக்குப் போட மறந்து மேஜையிலேயே வைத்துவிட்டாள். நேராகப் போய்ப் பதின்மூன்றாவது கம்பியை அழுத்தினாள். அது அப்படியேதான் நின்றது. குரலே போகப் போகிறது, அப்போதும் இவள் இறங்கமாட்டேன் என்கிறாளே என்று ஆத்திரமாக வந்தது. வியாழக்கிழமைக்கு முன்னால் அந்தக் குரலில் ஒரு தடவை 'அக்கா' என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை ஆத்திரத்துக்கு அடியில் கிடந்து வலித்தது. ஆனாலும் கம்பி இளகாமல் எப்படிப் போவது? போய், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அந்த அவமானத்தை நினைத்து ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட மனம் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முகேஷ்குமார் வந்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தைந்து வயது. பழைய மடி கிட்டார்களைத் தேடித் தேடி அவற்றின் வரலாற்றை எழுதுவது அவனுக்குப் பிடித்த பைத்தியம். கோயில் திருவிழாப் படத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். சாவிகளை எண்ணி முடித்ததும் அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏனுங்க டீச்சர், பதிமூணுங்களா! எட்டு பாத்திருக்கனுங்க, பத்து பாத்திருக்கனுங்க, பன்னெண்டுகூட ரெண்டு எடத்துல இருக்குதுங்க. பதிமூணு நான் எங்கயும் கண்டதில்லைங்க." பிரிஸ்கில்லா காபி கொடுத்தாள். அவன் காபியை ஆறவிட்டு விஷயத்தைச் சொன்னான். ஹவாய்த் தீவுகளில் தொடங்கியதாம். உருளையை நேராக வைத்தால் ஆறு கம்பியில் ஒரு மாதிரி இசைவுதான் வரும். சந்தோஷத்துக்குச் சேர்த்து வைத்த கம்பியில் துக்கத்தை வாசிக்க முடியாது. அதற்காக வாசிப்பவர்கள் ஒரு கம்பி கூட்டினார்கள், அப்புறம் இன்னொன்று. எட்டு, பத்து என்று பலகை அகலமாகிக்கொண்டே போயிற்று. பிறகு காலால் மிதித்துச் சுருதி மாற்றுகிற வேறு கருவி வந்துவிட்டது, கம்பி கூட்டிய பலகைகளெல்லாம் பரணுக்குப் போயின. அவற்றைச் செய்தது கொஞ்சம், மிஞ்சியது அதிலும் கொஞ்சம். இது எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று கேட்டான். பிரிஸ்கில்லா ஒவ்வொரு கம்பிக்கும் வருஷத்தையும் ஆளையும் சொன்னாள். பதின்மூன்றாவதுக்கு வந்தபோது மட்டும், "அது என் தங்கச்சியோடது" என்று நிறுத்திக்கொண்டாள். அவன் 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் 'குடும்பத்தார்' என்று எழுதிக்கொண்டான்.

கம்பிகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, சுருதி காட்டும் சின்னக் கருவி ஒன்றைத் தலையில் கவ்வ வைத்து மூன்று நாள் காலையில் அளந்தான். செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்குக் கணக்கைச் சொன்னான். "மொத ஆறு கம்பி சாதாரணமா இறங்குதுங்க. ஏழுலருந்து பதிமூணு வரைக்கும் ஏழு கம்பி, மயிரிழைகூட அசையலைங்க."

"ஆறுதான?" என்றாள் பிரிஸ்கில்லா. "அசையாதது ஆறுதான இருக்கணும்?"

"இல்லைங்க, ஏழு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். ரஃபி பாய், சவரிமுத்து, மாமா, கல்யாணத்தில் இரண்டு, பின்கட்டுக்காரர். ஆறு பேச்சிலும் ஒரு பக்கம் அப்பாவோ அம்மாவோ, இருவரும் இன்று இல்லை, அவை அசையாமல் நிற்பது நியாயம். ஏழாவது ஏஞ்சலினுடையது. இருவரில் ஒருவர் போனால்தான் கம்பி அசையாமல் நிற்கும். நான் இருக்கிறேனே, அப்படியானால் போனது அவளா என்று நினைத்ததும் போனை எடுத்தாள். ஏஞ்சலினின் நம்பர் கௌசல்யா கொடுத்து எப்போதோ போனில் ஏற்றி வைத்தது, ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள், அதுவும் அப்படியே ஓய்ந்தது. கதவைப் பூட்டக்கூடத் தோன்றவில்லை. பூட்டு ஊர்க்காரி வீட்டைத் திறந்து போட்டுவிட்டு, வந்தவனைக் காவலுக்கு வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

எரியோட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வெளியே முருங்கைத் தோட்டங்களும் கல்குவாரி லாரிகளும் போய்க்கொண்டிருந்தன, அவள் எதையும் பார்க்கவில்லை. கையில் ஜெபமாலை, வாயில் அருள் நிறைந்த மரியே, மனசில் மட்டும் வேறு கணக்கு. இருபத்திரண்டு வருஷம் என்றால் எட்டாயிரம் நாள். எட்டாயிரம் காலை அந்தப் பாழாய்ப்போன கம்பியைத் தொட்டுப் பார்த்ததற்குப் பதில் ஒரே ஒரு காலை இந்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். முக்கால் மணி நேரம்தானே. அப்பாவுக்குப் பேப்பர் கட்டு, தங்கச்சிக்குக் கம்பி, எனக்கு எப்போதும் ஏதோ ஒன்று குறுக்கே வேண்டியிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் "என்னக்கா, ஏதும் துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டாள். சாவைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, பஸ் என்றும் பாராமல் அழுதாள். கண்டக்டர் டிக்கெட் மீதியைக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏஞ்சலின் வீட்டு முன்னால் பந்தல் இல்லை, நாற்காலிகள் இல்லை. பூத்தொடுத்துக்கொண்டிருந்த கௌசல்யா எழுந்து, "வாங்க டீச்சர், பின்னாடிதான் இருக்காங்க, உங்ககூடத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க" என்றாள். பிரிஸ்கில்லாவுக்குப் புரியவில்லை. கௌசல்யா அவளையும், அவள் கையில் சும்மா கிடந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெனமும் அக்கா அக்கான்னு பேசுவாங்களே, போன்ல பேசறாங்கன்னுல நெனச்சேன்!" சுவரைச் சுற்றிப் போனால், பின்பக்கம் முருங்கை நிழலில் ஏஞ்சலின் முக்காலியில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே இன்னொரு முக்காலி, காலி. கரகரத்த குரலில் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "அக்கா, வியாழக்கெழமைக்கு நைட்டி ரெண்டு எடுத்து வச்சுட்டேன். போன் உள்ள கத்திக்கிட்டே கெடக்கு, எந்தக் கடன்காரனோ, எந்திரிக்க முடியல. அப்பறம் இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன்..." என்று சொல்லி நிமிர்ந்தவள், முக்காலிக்குப் பின்னால் நின்ற அக்காவைக் கண்டாள். கொஞ்சமும் திடுக்கிடவில்லை. "வந்துட்டியா? ஒக்காரு" என்றாள்.

பிரிஸ்கில்லா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அந்த விதி ஞாபகம் வந்தது, ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருந்தால் கம்பி முளைக்காது. சண்டை போட்ட மறுநாளிலிருந்தே இப்படித்தான் என்றாள் ஏஞ்சலின். ஒன்னோட பேசாம எனக்கு என்னைக்கு இருக்கத் தெரிஞ்சுச்சு, வாசப்படிதான் மிதிக்க மாட்டேன்னேன், பேச மாட்டேன்னு சொன்னேனா என்றாள். சொல்லவில்லைதான். பேச்சு இல்லை என்று சொன்னது பிரிஸ்கில்லா ஒருத்தி மட்டும்தான். அப்படியென்றால் அவர்களுக்குக் கம்பியே கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்லை. "பெறகு அந்தப் பதிமூணாவது யாரோடதுடி?" என்று பிரிஸ்கில்லா கேட்டாள்.

ஏஞ்சலின் கீரையை ஒதுக்கி வைத்தாள். "அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வந்தது. தொண்ணூத்தெட்டு கிறிஸ்மஸ்லருந்து ரெண்டு பேரும் பேசல. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா, "உங்க அம்மாகிட்ட சொல்லு, நான் வெளிய போறேன்" என்பார். அம்மா சுவரைப் பார்த்து, "கொடை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்பாள். வயதானவர்கள் பேசுகிற விதம் என்று பிரிஸ்கில்லா நினைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துபோன ஏஞ்சலின்தான் மூன்று வருஷம் இரண்டு பேருக்கும் நடுவில் சொல் சுமந்தவள். காரணம் மட்டும் அவளுக்குத் தெரியாது, இருவருமே சொல்லவில்லை. பிரிஸ்கில்லா உப்பு விஷயத்தைச் சொன்னாள், ரயில்வே ஆட்கள் பத்துப் பேர் முன்னால் நடந்ததையும், அம்மா சாகும்வரை கம்பியில் விரலை வைத்துக்கொண்டு அதையே சொன்னதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஏஞ்சலினின் முகம் சிறிது சிறிதாக மாறியது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, கஞ்சி!" என்றாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிட்ட கஞ்சியை நாலு கரண்டி குடித்துவிட்டு அப்பா சொன்னாராம்: உங்க அம்மாகிட்ட சொல்லு, கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சுன்னு. அன்று ராத்திரியே போய்விட்டார். சாவுக் களேபரத்தில் அது மறந்தே போயிற்று, பிறகு நினைவு வந்தபோதும் கஞ்சிதானே என்று விட்டுவிட்டாள். "மூணு வருசம் ஒரு சொல்லு சிந்தாம கொண்டுபோய்க் குடுத்தேன். இந்த ஒன்னத்தான் கீழ போட்டுட்டேன். அம்மா அதுக்குத்தான உசுரோட ஏழு வருசம் காத்துக் கெடந்திருக்கு." இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததில் கீரை வெயிலில் வாடிப்போயிற்று. கௌசல்யாதான் எடுத்துப்போய்த் தண்ணீர் தெளித்து வைத்தாள்.

மறுநாள் புதன்கிழமை காலை, நைட்டிகள் இருந்த பையோடு ஏஞ்சலின் மேட்டுப்பட்டிக்கு வந்தாள். படியில் ஏறாமல் நின்றாள். பிரிஸ்கில்லா உள்ளே போய்த் திரும்பி நின்று, "ஏஞ்சலு, வா" என்று முறையாகக் கூப்பிட்ட பிறகுதான் ஏறினாள். முகேஷ்குமார் எழுந்து ஓரமாக ஒதுங்கினான். ஏஞ்சலின் கிட்டார் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, பதின்மூன்றாவது கம்பியில் விரலை வைத்தாள். நாளைக்குக் குரல் இருக்குமோ இருக்காதோ, இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். செத்தவர்களின் கம்பி அவிழ்ந்ததாக இதுவரை அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தொண்டையைச் செருமி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுப்படி வாசலில் நின்று சொல்கிற அதே தொனியில் சொன்னாள். "அம்மா, அப்பா சொல்லச் சொன்னாரு. கஞ்சில உப்பு சரியா இருந்துச்சாம்." ஒன்றும் நடக்கவில்லை. பிரிஸ்கில்லா சோறு போடக் கூப்பிட்டாள், மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை விடிந்து மதுரைக்குக் கார் வந்து நின்றபோது, பதின்மூன்றாவது கம்பி கிட்டாருக்கு அடியில் சுருண்டு கிடந்தது. சாவி இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது. முகேஷ்குமார் சாவிகளை இரண்டு தடவை எண்ணினான், டேப் வைத்துப் பலகையை அளந்தான். பன்னிரண்டு கம்பி என்றால் உலகத்தில் வேறு இரண்டு இருக்கின்றன, இதற்காகத் தனி அத்தியாயம் எழுத முடியாது. பாவம் அவன். பிறகு நோட்டில் பதின்மூன்றை அடித்துப் பன்னிரண்டு ஆக்கினான். "பரவாயில்லைங்க டீச்சர், நல்லபடியா போயிட்டு வாங்க" என்று பையைக் காரில் ஏற்றிவிட்டான். விழுந்த கம்பியைப் பிரிஸ்கில்லா ஒரு கவரில் போட்டு, அம்மாவும் அப்பாவும் இருக்கும் கல்லறைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய் இருவருக்கும் நடுவில் புதைத்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. ஆறு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, குரல் வருகிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏஞ்சலின் இப்போது மேட்டுப்பட்டியில்தான் இருக்கிறாள், கையில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று. இது நான்காவது வாரம். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருத்தி வாயே திறப்பதில்லை, இதற்கு ஒரு கம்பி முளைத்துவிடுமோ என்று தெருவில் சிலருக்குச் சந்தேகம் இருக்கிறது. சிவனம்மாளின் மகள் தினமும் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகிறாள். இன்று காலையும் பிரிஸ்கில்லா காபியைக் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போய் உறையை விலக்கினாள். அதற்குள் பின்னாலிருந்து சிலேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். 'காப்பில சீனியே இல்ல, பிரிகில்லா' என்று எழுதிக் காட்டினாள் ஏஞ்சலின். ஒற்றெழுத்தை வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். "கொழுப்புடி ஒனக்கு" என்று சொல்லிவிட்டு பிரிஸ்கில்லா எண்ணி முடித்தாள், பன்னிரண்டு. உறையைப் போட்டு மூடிவிட்டுச் சீனி டப்பாவை எடுக்கப் போனாள்.